இக்கரைப் பட்டமும் அக்கரை மதிப்பும்

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது பழமொழி. "உள்ளூர் மாடு விலை போகாது" என்பது இன்னொன்று. மாட்டுக்காகச் சொன்ன சொல் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் என்பதைச் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது.

தோட்டத்திலே ஒரு பிள்ளை ஐந்தாம் படிவம் தேறி, ஆறாம் படிவத்தையும் தாண்டிவிட்டது என்றால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த யுனிவர்சிட்டிக்கு சார் மதிப்பு அதிகம்?" என்பதுதான். கேள்வி சின்னது. பதில் சின்னதல்ல. ஏனென்றால், எங்கே கொண்டுபோனாலும் ஒரே எடை காட்டுகிற தங்கத்தைப் போன்றதல்ல பட்டத்தின் மதிப்பு. அது நோட்டுப் பணத்தைப் போன்றது. நம் வெள்ளியை இங்கே கடையில் நீட்டினால் அரிசி கிடைக்கும். கடல் தாண்டிப் போனால் முதலில் அதை மாற்ற வேண்டும். மாற்றிக் கொடுக்கிறவன் சொல்லுவதுதான் விலை. பட்டமும் அப்படித்தான். அது யார் கையில் இருக்கிறது என்பதோடு, யார் அதை ஏற்றுக்கொள்ளுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. நம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த சரித்திரத்தைக் கொண்டே காண்போம்.

சீமை முத்திரை

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலே உயர்ந்த படிப்பு என்றால் அது கப்பலேறிப் போய்ப் படிப்பதுதான். 1885-ஆம் ஆண்டில் மகாராணியார் பெயரால் உபகாரச் சம்பளம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கெட்டிக்கார மாணவர் ஓரிருவரைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். மற்றவர்களுக்கு இங்கே மேற்படிப்பு என்று ஒன்றும் இல்லை.

1904-ஆம் ஆண்டில் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் சிங்கப்பூர் மக்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வைத்தியம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பணத்தையும் மக்களே திரட்டினார்கள். சேர்ந்தது 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் தம் கையிலிருந்து கொடுத்தது. 1905 ஜூலை மாதம் 23 மாணவர்களுடன் அந்தப் பள்ளி தொடங்கியது. அதற்குக் கிடைத்த இடமோ, மனநோயுற்ற பெண்கள் முன்பு தங்கியிருந்த பழைய கட்டடம்!

அங்கே படித்துத் தேறியவர்கள் வைத்தியம் பார்த்தார்கள், நோயும் குணமாயிற்று. ஆனால் அந்தப் பட்டயம் இந்தக் கரைக்குள்தான் செல்லும். 1916-ஆம் ஆண்டில் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அதை அங்கீகரித்தது. அன்றிலிருந்து அங்கே படித்தவர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மற்ற பகுதிகளிலும் டாக்டராகப் பதிவு செய்துகொண்டு தொழில் செய்யலாம். பாடம் அதேதான். வாத்தியார்களும் அவர்களேதான். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மேசையில் "சரி" என்று ஒரு வார்த்தை எழுதப்பட்டது. ஒரே நாளில் மதிப்பு ஏறிவிட்டது. 1921-ல் அந்தப் பள்ளி ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி என்ற பெயர் பெற்றது.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. காகிதத்தில் அங்கீகாரம் கிடைத்த பின்னும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உயர்ந்த பதவி வெள்ளைக்காரருக்கே. உள்ளூர்க் கல்லூரியில் தேறியவர் உதவி மருத்துவ அதிகாரியாகத்தான் வேலைக்குச் சேரலாம். காகிதம் ஒன்று சொல்லும், நாற்காலி வேறொன்று சொல்லும் என்பதற்கு இது நல்ல சான்று.

1928-ல் ராபிள்ஸ் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. கலையும் விஞ்ஞானமும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, கொடுத்தது டிப்ளோமாதான். மலாயாவுக்குப் பல்கலைக்கழகம் வேண்டாமா என்று கேட்டபோது, 1939-ல் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை "இன்னும் காலம் வரவில்லை" என்று சொல்லிவிட்டது. பிறகு உலகப் போர் வந்தது. ஜப்பான்காரன் வந்தான், போனான். போருக்குப் பின் கார்-சாண்டர்ஸ் என்ற கல்வியாளர் தலைமையில் இன்னொரு குழு வந்து பார்த்து, "காலம் வந்துவிட்டது" என்றது. மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாகி, 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது.

1959-ல் கோலாலம்பூரில் அதற்கு ஒரு பிரிவு அமைந்தது. 1962 ஜனவரி முதல் நாள் இரண்டும் தனித்தனியாகி, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்று ஆயின. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் இவற்றைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

ஏழைகள் எழுப்பிய நன்யாங்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடமொழி ஆங்கிலம். சீனப் பள்ளியில் படித்த பிள்ளைகள் எங்கே போவது? 1953-ஆம் ஆண்டில் டான் லார்க் சை என்ற ரப்பர் வணிகர் ஒரு யோசனை சொன்னார்: சீன மொழியில் நடக்கும் பல்கலைக்கழகம் ஒன்றை நாமே கட்டுவோம். தாம் ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாகவும் அறிவித்தார். இந்த மனிதர் ஒரு ரப்பர்த் தொழிற்சாலையில் வேலைக்காரராக இருந்து மேலே வந்தவர். அவர் தலைமை வகித்த ஹொக்கியன் சங்கம் சிங்கப்பூரின் ஜூரோங் பகுதியில் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது.

பணக்காரர்கள் கொடுத்தது பெரிய விஷயமல்ல. டிரைஷா ஓட்டிகள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். டாக்சி ஓட்டுநரும் முடி திருத்துகிறவரும் தெருவோர வியாபாரியும் கொடுத்தார்கள். தாங்கள் ஏறாத படிக்கட்டில் தங்கள் பிள்ளை ஏற வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். 1956 மார்ச் மாதம் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின.

இப்போது மதிப்பின் விளையாட்டைப் பாருங்கள். சீன மக்களிடையே நன்யாங் பட்டதாரி என்றால் பெருமையோ பெருமை. அரசாங்கமோ அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. 1959-ல் ஒரு குழு வந்து ஆராய்ந்து, இப்போதைக்கு அங்கீகாரம் தருவதற்கில்லை என்று எழுதிவிட்டது. அதே சமயத்தில் அங்கே படித்து முடித்தவர்களில் சிலர் அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளுக்குப் போனார்கள். அங்கே உள்ள பல்கலைக்கழகங்கள் அவர்களை மேற்படிப்புக்குச் சேர்த்துக்கொண்டன. தூரத்திலே இருந்தவன் ஏற்றுக்கொண்டான். தெருக்கோடியில் இருந்தவன் ஏற்றுக்கொள்ளவில்லை! சிங்கப்பூர் அரசாங்கம் அந்தப் பட்டத்தை அங்கீகரித்தது 1968-ல்தான்.

1980-ல் நன்யாங்கும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைக்கப்பட்டு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. நன்யாங் என்ற பல்கலைக்கழகம் அதோடு முடிந்தது. அந்த நிலத்தில் 1981-ல் ஒரு தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. அது 1991-ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இன்று உலகப் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கிறது. ஒரு காலத்தில் "மதிப்பில்லை" என்று சொல்லப்பட்ட பெயர் அது.

தமிழ் எங்கள் உயிர்

சீனருக்கு மட்டும்தானா இந்தக் கதை? நமக்கும் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்க்க வேண்டும்.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை ஒன்று அமைக்க முடிவாயிற்று. அதற்கு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் நீலகண்ட சாஸ்திரியார். பெரிய சரித்திர ஆசிரியர். அவர், துறையில் வடமொழிக்கே முதலிடம் தரலாம் என்று கருத்துச் சொன்னார். கற்றவர்கள் உலகத்தில், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும், அன்றைக்குப் பெருமை பெற்றிருந்தது வடமொழிதான். ஆனால் இந்த மண்ணிலே காட்டை வெட்டித் தோட்டம் போட்டவன் பேசியது எந்த மொழி? இந்தக் கேள்வியைத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி உரக்கக் கேட்டார். தமிழுக்கே அந்த இடம் வேண்டும் என்று எழுதினார், பேசினார், மக்களைத் திரட்டினார்.

கேட்பதோடு அவர் நின்றுவிடவில்லை. துறை வந்தால் அதற்குத் தமிழ் நூலகம் வேண்டுமே! "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி திரட்டினார். பால்மரம் வெட்டியவரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், கடைச் சிப்பந்தியும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. தாங்கள் ஒருநாளும் திறந்து பார்க்கப்போகாத புத்தகங்களுக்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள்.

1956-ல் இந்திய இயல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே இடம் பெற்றது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961-ல் தனிநாயகம் அடிகளார் அதன் பொறுப்பை ஏற்றார். இலங்கையில் பிறந்தவர், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர், லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1966 ஏப்ரலில் அவர் முயற்சியால் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள். தமிழாராய்ச்சிக்கு முதல் உலக மாநாடு சென்னையில் அல்ல, மதுரையில் அல்ல, நம் ஊரில் கூடியது!

இதில் இன்னொன்றும் தெரிகிறது. மதிப்பு நாட்டுக்கு நாடு மாறுவது போலப் பாடத்துக்குப் பாடமும் மாறும். பொறியியல் படிக்கிறவனுக்குப் பெரிதாகத் தெரியும் இடம் வேறு. தமிழ் படிக்கிறவனுக்குப் பெரிதாகத் தெரியும் இடம் வேறு. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை லண்டன் தெருவில் சொன்னால் யாருக்கும் தெரியாது. தமிழறிஞர் கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இந்தியா சென்று படித்தவர்கள்

நம்மவர்கள் பலர் டாக்டர் படிப்புக்கு இந்தியா போனார்கள். கர்நாடக மாநிலத்தில் மணிப்பால் என்ற ஊரில் 1953-ல் டாக்டர் டி.எம்.ஏ. பாய் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். தனியார் நடத்திய மருத்துவக் கல்லூரிகளில் அது முன்னோடி. இந்தியாவிலே, அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தவனுக்குத்தான் ஊரில் பெருமை. மணிப்பாலைப் "பணம் கட்டிப் படிக்கிற காலேஜ்" என்று பேசியவர்கள் உண்டு. நம் நாட்டிலோ "மணிப்பாலில் படித்த டாக்டர்" என்றால் மரியாதையான பேச்சு. அங்கே படித்துவிட்டு வந்த டாக்டர்களை நம் ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் நிறையவே காணலாம். 1997-ல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியே உண்டாயிற்று. கல்லூரி ஒன்றுதான், பார்க்கிற கண்தான் வேறு.

இந்தியப் பட்டங்களை இங்கிலாந்து நடத்திய விதமும் இதே மாதிரிதான். 1930-ல் பிரிட்டிஷ் மருத்துவ மன்றம் இந்திய மருத்துவப் பட்டங்களுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை நீக்கியது. இந்தியாவில் பெரிய கொதிப்பு எழுந்தது. அதன் பிறகு இந்தியாவுக்கென்று தனி மருத்துவ மன்றம் அமைந்தது. அங்கீகாரம் திரும்பவும் வந்தது. 1975-ல் மறுபடியும் போயிற்று. பட்டம் வாங்கிய டாக்டர் மாறவில்லை. வாசலில் நின்ற காவலர்தான் மாறினார்.

பட்டியல் படுத்தும் பாடு

இப்போதெல்லாம் உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுகிறார்கள். பரீட்சையில் முதல் மாணவன், இரண்டாம் மாணவன் என்று எழுதுவது போல. 2004-ஆம் ஆண்டில் லண்டன் டைம்ஸ் நிறுவனத்தின் உயர்கல்வி ஏடு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 89-ஆம் இடம்! உலகின் முதல் நூறில் நாமும் ஒருவர் என்று வளாகத்தில் பதாகைகள் ஏறின. அடுத்த ஆண்டே 169-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

ஒரே வருஷத்தில் அப்படி என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றும் இல்லை. வெளிநாட்டு மாணவர் அதிகமாக இருந்தால் அந்தப் பட்டியலில் மதிப்பெண் கூடும். 2004-ல் நம் நாட்டுச் சீன மாணவர்களையும் இந்திய மாணவர்களையும் வெளிநாட்டார் என்று தவறாகக் கணக்கிட்டுவிட்டார்கள். 2005-ல் கணக்கைத் திருத்தினார்கள், இடம் இறங்கியது. சிந்தித்துப் பாருங்கள். இந்த மண்ணில் பிறந்து, இங்கே பாலாம்பிகை கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் காது குத்திக்கொண்ட பிள்ளைகள், தூரத்தில் இருந்த ஒரு எழுத்தர் கணக்கிலே வெளிநாட்டார் ஆகிவிட்டார்கள். அதனால் வந்த பெருமைக்குத்தான் பதாகை!

பட்டியலுக்குப் பட்டியலும் வித்தியாசம் உண்டு. கியூ.எஸ். என்ற நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60-ஆம் இடம். டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலில் அதே ஆண்டு 200-க்கும் பின்னால். காரணம், ஒவ்வொருவரும் அளக்கும் படி வேறு. கியூ.எஸ். பட்டியலில் நீண்ட காலம் நூற்றுக்கு 40 மதிப்பெண், பேராசிரியர்களிடம் "உங்களுக்குத் தெரிந்த நல்ல பல்கலைக்கழகம் எது?" என்று கேட்டு வாங்கியது. பிறகு அதை 30 ஆக்கினார்கள். பெயர் தெரிந்தவனுக்கே ஓட்டு விழும் என்பது சொல்லாமலே விளங்கும். அதே 2025 பட்டியலில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 8-ஆம் இடத்திலும் நன்யாங் 15-ஆம் இடத்திலும் இருந்தன. 1949-ல் ஒரே தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இன்று வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன பாருங்கள்.

ஆகவே பட்டியலைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டியல் பல்கலைக்கழகத்தை அளக்கிறது. உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பை அது அளப்பதில்லை. அங்கே படித்துவிட்டு வந்தால் வேலை செய்ய உரிமை கிடைக்குமா என்பதையும் அது சொல்லுவதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

வேலை செய்யும் உரிமை என்றேன். குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினையே இதுதான்.

சிங்கப்பூர் மருத்துவ மன்றம் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளுக்கு ஓர் அங்கீகாரப் பட்டியல் வைத்திருக்கிறது. 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலை 160-லிருந்து 103-ஆகக் குறைத்தார்கள். 2025-ல் மேலும் ஒன்பதைச் சேர்த்தார்கள். சட்டப் படிப்பிலும் அப்படியே. பிரிட்டனின் 19 பல்கலைக்கழகங்களை ஏற்றுக்கொண்டிருந்த சிங்கப்பூர், 2016-ல் அதை 11 ஆக்கியது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பு, அந்தப் பக்கம் ஒரு மதிப்பு. பாலத்தின் நீளமோ ஒரு கிலோமீட்டர்தான்!

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. கிரிமியாவில் உள்ள அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகள் பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். 2005-ல் மலேசிய மருத்துவ மன்றம் அந்தப் பட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. எத்தனை இந்தியப் பெற்றோர் அன்று தூக்கத்தைத் தொலைத்தார்கள்! நகையை விற்றவர்களும், சேமநிதிப் பணத்தை எடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடல் தாண்டிய படிப்பு என்ற பெருமையை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்றுக்கொடுத்தது.

பெற்றோர் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, நான் பட்டதாரி அல்லன். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் கொண்டு தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் இந்தச் சரித்திரத்திலிருந்து ஒன்றைத் துணிந்து சொல்லுவேன். "எந்த யுனிவர்சிட்டி பெரிசு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: பிள்ளை உள்நாட்டில் படிப்பதானால், அந்தப் படிப்பு மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? 2007-ல் அமைந்த ஆணையம் அது. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. குறிப்பிட்ட அந்தப் படிப்பே பதிவில் இருக்க வேண்டும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

இரண்டாவது: டாக்டர் என்றால் மருத்துவ மன்றம், இன்ஜினியர் என்றால் பொறியாளர் வாரியம், வக்கீல் என்றால் சட்டத் தொழில் தகுதி வாரியம். அந்தந்தத் தொழிலின் வாசற்காவலர் இந்தப் பட்டத்தை ஏற்கிறாரா? சேருவதற்கு முன் கேளுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

மூன்றாவது: பிள்ளை எங்கே வேலை செய்யப்போகிறது? இங்கேயா, சிங்கப்பூரிலா, வேறு நாட்டிலா? எந்த ஊரில் பிழைக்கப்போகிறோமோ அந்த ஊரின் மதிப்புதான் நமக்குத் தேவை.

நான்காவது: செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, யார் கட்டுவது? உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளையை, "பக்கத்து வீட்டுப் பையன் லண்டன் போயிட்டானே" என்று சொல்லிச் சோர்வடையச் செய்யாதீர்கள். பாலிடெக்னிக்கில் கைத்தொழில் கற்கிற பிள்ளையையும் இளக்காரமாகப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டார் கொடுக்கிற மதிப்பு கல்யாண வீட்டுப் பந்தல்வரை வரும். மாதக் கடைசியில் சம்பளமாக வராது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1905-ல் பழைய கட்டடத்தில் உட்கார்ந்து படித்த 23 பேரும் "இந்தப் பள்ளிக்கு மதிப்பில்லை" என்று எழுந்து போயிருந்தால், பின்னால் வந்த எதுவுமே வந்திருக்காது. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நன்றாகப் படித்து, நன்றாக வைத்தியம் பார்த்தார்கள். அதனால்தான் சீமையும் ஒத்துக்கொள்ள நேர்ந்தது. பள்ளியால் பிள்ளைக்குப் பெருமை வருவது உண்டு. பிள்ளையால் பள்ளிக்கு வரும் பெருமைதான் நீடித்து நிற்கும். தோட்டப் பள்ளியில் படித்தோமே என்று கூசவேண்டாம். தங்கள் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்து ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூலகம் சேர்த்த மக்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வாங்காத பிள்ளைகளுக்கும் அதே வாழ்த்து. அடுத்த ஆண்டும் விழா உண்டு.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்! வெல்க தமிழ்!